பெரிய பேட்டரி வைத்தால் போதாதா? ஒரு மாணவியின் சந்தேகத்துக்கு விளக்கம்

மலேசியாவின் பாடாங் செராயிலிருந்து அனைவருக்கும் வணக்கம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் ஓசை ஒலிப்பதிவில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. லூனாஸ் பக்கத்திலிருந்து ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, பேராசிரியர் அனந்த சந்திரகாசன் மின்னணுச் சில்லுகள் உண்ணும் மின்சாரத்தைக் குறைப்பதற்கே தம் ஆராய்ச்சி வாழ்வைச் செலவிட்டார் என்று போன காணொளியில் சொன்னீர்கள். பெரிய பேட்டரி ஒன்றை வைத்துவிட்டால் அந்த வேலை முடிந்துவிடாதா? நான் செம்பனை நாற்றங்காலுக்கு ஈர உணரி ஒன்று செய்திருக்கிறேன். இரண்டு சிறிய பேட்டரி போட்டால் எட்டே நாளில் தீர்ந்துவிடுகிறது."

படித்தவுடன் எனக்குச் சற்றே கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. மின்னழுத்தம் பாதியானால் மின்செலவு காற்பங்காகும் என்ற இருமடிக் கணக்கை இதுவரை எத்தனை காணொளிகளில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே எண்ணிக்கை தெரியவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க, பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி என்றே பட்டது. பெரிய பேட்டரி வைக்க இடம் இருக்கும் வரையில் அவர் சொல்வது சரிதான்.

இடமே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பாலூட்டிகளின் உட்செவியில் இயற்கையாகவே ஒரு மின்கலம் இருக்கிறது. 70 முதல் 100 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் தரும் அந்த ஏற்பாட்டைக் கொண்டுதான் காது ஒலியை நரம்புக்கு அனுப்புகிறது. சந்திரகாசனின் குழுவும் பாஸ்டன் நகரத்துக் காது மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, ஒரு கினிப்பன்றியின் உட்செவியில் நுண்ணிய மின்முனைகளைச் செருகி, அந்த இயற்கை மின்கலத்திலிருந்தே ஒரு சில்லை ஐந்து மணி நேரம் வரை இயக்கிக் காட்டி 2012-ல் வெளியிட்டார்கள். அந்தச் சில்லு உட்செவியின் மின்னழுத்தத்தை அளந்து கம்பியில்லாமல் வெளியே அனுப்பியது. அதற்குக் கிடைத்த மின்திறன் ஏறத்தாழ ஒரு நானோவாட், அதாவது ஒரு வாட்டில் 100 கோடியில் ஒரு பங்கு. அதற்கு மேல் உறிஞ்சினால் விலங்கின் கேட்கும் திறனே கெடக்கூடும். தொடக்கத்தில் சில்லை எழுப்புவதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு முறை ரேடியோ அலையைச் செலுத்தினார்கள். பெரிய பேட்டரியை அந்தக் காதில் எங்கே வைப்பது, சொல்லுங்கள்?

புதிதாக வந்தவர்களுக்காகச் சந்திரகாசனைப் பற்றி இரண்டு வரி. சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் அமெரிக்காவுக்குச் சென்றவர். பெர்க்கிலியில் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்று 1994-ல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி. அன்று, மாசசூசெட்சில் இருப்பது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். 2017-ல் பொறியியல் புலத்தின் தலைவராகவும் 2025-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட்டாகவும், அதாவது கல்விப் பணிகளுக்கான முதன்மை அதிகாரியாகவும் ஆனார். பதவிகளைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஆர்வமில்லை. எனக்கு ஆர்வம் 1992-ல், அவர் இன்னும் மாணவராக இருந்தபோது, சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் எழுதிய ஒரு கட்டுரையில்தான்.

அந்தக் காலத்துச் சில்லுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடின. என் அக்காள் அப்போது பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடியற்காலை நான்கரை மணிக்கு எங்கள் ரப்பர் தோட்டத்து முச்சந்திக்கு வரும் தொழிற்சாலைப் பேருந்தில் போய், நாள் முழுவதும் நுண்ணோக்கியில் குனிந்து சில்லுகளுக்குத் தங்கக் கம்பி இணைப்பார். 'எல்லாம் ஐந்து வோல்ட்டுதான்' என்பார், ஏதோ கடவுள் எழுதி வைத்தது போல. ஏன் ஐந்து என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: இன்னும் எவ்வளவு வேகமாக ஓட வைக்கலாம்? அந்தக் கட்டுரை எழுப்பியது வேறு கேள்வி: இந்த வேலைக்கு எவ்வளவு வேகம் போதும்? பேச்சையோ படத்தையோ கையாளும் சுற்று ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் கணக்கை முடித்துவிட்டால் போதும். அதற்கு முன்பே முடித்துவிட்டுச் சும்மா இருப்பதால் யாருக்கும் பயன் இல்லை. லூனாஸ் மாணவியே, நீங்கள் என்னிடம் இதைக் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன், ஆனாலும் உங்கள் கேள்விக்கே விடை சொல்கிறேன்.

சில்லுக்குள் ஒவ்வொரு முறை ஒன்று பூச்சியமாகவும் பூச்சியம் ஒன்றாகவும் மாறும்போது ஒரு சிறு மின்தேக்கி நிரம்பி வடிகிறது. தரையில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரத்தை இரட்டித்தால் அது கொள்ளும் நீரும் இரட்டிக்கிறது, ஒவ்வொரு வாளியையும் இரட்டை உயரத்துக்குத் தூக்கவும் வேண்டியிருக்கிறது. ஆக, உழைப்பு நான்கு மடங்கு. அதனால்தான் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு பாதியாகாமல் காற்பங்காகிறது. தெரியும், இதைப் பழைய காணொளிகளிலும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். எங்கள் தோட்டத்தில் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரைதான் ஜெனரேட்டர் ஓடும். நாங்கள் இருந்தது கடைசி லயம், அதாவது தொழிலாளர் வீடுகளின் கடைசி வரிசை. அவ்வளவு தூரம் கம்பியில் வந்து சேரும்போது மின்னழுத்தம் கொஞ்சம்தான் இளைத்திருக்கும், ஆனால் விளக்கோ பாதிக்கும் மேல் மங்கி, பூசணிப்பூ நிறத்தில் அழுதுகொண்டிருக்கும். விளக்கின் இழை சூட்டுக்கேற்பத் தடையை மாற்றுவதால் இருமடிக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. என்றாலும் கொஞ்சம் அழுத்தம் குறைந்தால் அதைவிட அதிகமாகத் திறன் குறையும் என்பதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

சிக்கல் என்னவென்றால், மின்னழுத்தம் குறைந்தால் சில்லின் நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டர் மந்தமாகிறது. அதற்கு அவர்கள் கண்ட வழியைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் விளக்கிவிடலாம். ஒரே ஆளை ஓட ஓட ரப்பர் மரங்களில் பால் வெட்டச் சொல்வதற்குப் பதிலாக, இரண்டு ஆட்களுக்கு ஆளுக்குப் பாதி மர நிரையைக் கொடுத்து நிதானமாக வெட்டச் சொல்வது. கணக்கிடும் சுற்றை இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில், 5 வோல்ட்டுக்குப் பதிலாக 2.9 வோல்ட்டில் ஓடவிட்டபோது, அதே வேலை ஏறக்குறைய 0.36 பங்கு மின்திறனில் முடிந்தது. சில்லில் அது பிடித்த இடம் மூன்று மடங்குக்கும் அதிகம். இடத்தைக் கொடுத்து மின்சாரத்தை வாங்கினார்கள். டிரான்சிஸ்டர்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வந்த காலத்தில் அது நல்ல பண்டமாற்று.

அப்படியானால் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பின்னாளில் அவரும் அவருடைய மாணவி ஆலிஸ் வாங்கும் 0.18 வோல்ட்டிலும் இயங்கக்கூடிய ஒரு சில்லைச் செய்தார்கள். இயங்கியது என்னவோ உண்மை. ஆனால் ஒரு கணக்கை முடிக்க மிகக் குறைவான ஆற்றலைச் செலவிட்டது 0.18-ல் அன்று, 0.35 வோல்ட்டில். காரணம் கசிவு: சுற்று மந்தமாகக் கணக்கு முடிய அதிக நேரம் ஆகிறது, அவ்வளவு நேரமும் டிரான்சிஸ்டர்கள் வழியே மின்சாரம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அடியில் ஊசித்துளை விழுந்த ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடினால் விளிம்பில் தளும்பிச் சிந்தும், ஆமை போல நடந்தால் துளை வழியே சொட்டித் தீரும். சிந்துவதும் சொட்டுவதும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் நடை ஒன்று நடுவில் எங்கோ இருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும். என்னைக் கேட்டால், அவருடைய குழுவின் வேலையில் இதுவே மிக அழகானது.

உங்கள் உணரி தனியாக நிற்பது. நூறு உணரிகளைத் தோட்டம் முழுவதும் நட்டால் வேறொரு கணக்கு வரும். வெண்டி ஹெயின்செல்மன், சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் 2000-ல் வெளியிட்ட முறைக்கு லீச் என்று பெயர்; ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஆனால் காதில் விழும்போது நமக்கு ரத்தம் உறிஞ்சும் அட்டைதான் நினைவுக்கு வரும். அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரியில், ஒரு பிட் செய்தியை 10 மீட்டருக்கு அனுப்ப 60 நானோஜூல் போதும், 100 மீட்டருக்கு அனுப்ப 1,050 நானோஜூல் வேண்டும். எனவே ஒவ்வோர் உணரியும் தொலைவில் உள்ள நிலையத்துக்குத் தானே கூவாமல், அருகில் உள்ள ஒரு கங்காணி உணரியிடம் சொல்ல, கங்காணி எல்லாவற்றையும் சுருக்கி ஒரே செய்தியாக அனுப்புகிறது. ஒன்றே எப்போதும் கங்காணியாக இருந்தால் அதன் பேட்டரி முதலில் செத்துப்போகும் என்பதால் அந்தப் பொறுப்பு முறை வைத்து மாறிக்கொண்டே இருக்கும். நம் தோட்டங்களில் அப்படி யாரும் மாறி நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் எட்டு நாள் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளவை ஏறத்தாழ 2,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் பேட்டரிகள். எட்டு நாளில் தீர்கிறது என்றால் உங்கள் சுற்று இடைவிடாமல் 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. நொடிக்கு ஒரு முறை மண்ணின் ஈரத்தை அளப்பதாக எழுதியிருக்கிறீர்கள். செம்பனைக் கன்று நொடிக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்கிறதா? அதே சுற்றைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு நொடி மட்டும் எழுப்பி, மற்ற நேரமெல்லாம் 5 மைக்ரோ ஆம்பியரில் உறங்கவிட்டால், சராசரி ஏறக்குறைய 16 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கிவிடும். காகிதத்தில் அது 14 ஆண்டுகளுக்கு வரும். நாற்றங்கால் வெக்கையில் பேட்டரி அதற்கு வெகு முன்பே தானாகக் கெட்டுவிடும் என்பது வேறு. ஒன்றை மறக்க வேண்டாம்: பலகையில் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு சிவப்பு விளக்கைக் கழற்றிவிடுங்கள். சில்லு உறங்கினாலும் அது உறங்காது, அது மட்டுமே ஓரிரு மில்லி ஆம்பியர் தின்றுவிடும்.

பதினைந்து நிமிடம் என்பதும் நான் குத்துமதிப்பாகச் சொன்னதுதான். நாளை காலை கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, உணரி காட்டும் அளவு எத்தனை நிமிடத்தில் மாறத் தொடங்குகிறது, எத்தனை நிமிடத்தில் நிலைக்கிறது என்று இரண்டு மூன்று பைகளில் பார்த்துக் குறித்து அனுப்புங்கள். அந்த எண்ணை வைத்து உறங்கும் நேரத்தை அடுத்த காணொளியில் சேர்ந்தே கணக்கிடுவோம்.