கட்டிலோரம் கற்க வேண்டிய உளவியல்

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் மருத்துவமனைக்கு உளவியல் முதுகலை மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். வந்தவர்களிடம் தேர்வுப் பெட்டியைக் கொடுத்துப் புறநோயாளிப் பிரிவில் ஓர் அறையில் உட்கார வைத்துவிடுகிறோம். பினே-காமத் நுண்ணறிவுத் தேர்வு, கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தச் சொல்லும் செகின் வடிவப் பலகை என்று அன்றாடம் அதே வேலை. இந்தத் தேர்வு முடிவை வைத்துத் தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் வரிசை நீளமானது. அந்த வேலை நடந்தே ஆக வேண்டும், அதைச் சரியாகச் செய்யக் கற்பதும் அவசியம். ஆனால் மாடியில் இருக்கும் வார்டில் ஒரு நாள்கூட நிற்காமல் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நோயுற்ற குழந்தைக்கு உளவியல் தேவைப்படுவது அங்கேதான்.

ஊசி போடும் அறைக்கு வாருங்கள். ஐந்து வயதுப் பையனுக்கு வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றக் கையில் செருகி வைக்கும் ஊசிக்குழாய், போட வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு முறை குத்தியாகிவிட்டது. அப்பா தோளை அழுத்திப் பிடித்திருக்கிறார். அம்மா, "ஒன்றுமில்லை கண்ணு, வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்கிறார். நர்ஸும் அதையே சொல்கிறார். புதிதாக வந்த பயிற்சி மாணவியின் வாயிலும் முதலில் வருவது அதுதான். அடுத்த நொடி வலிக்கிறது. அதன் பிறகு அந்த அறையில் யார் எதைச் சொன்னாலும் பையன் நம்புவதாக இல்லை.

"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்ற சொல் அதிகம் ஒலிக்கும் இடத்தில் குழந்தையின் கலக்கமும் அதிகமாகவே இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அப்படியானால் மாணவி என்ன சொல்லலாம்? "கொஞ்சம் வலிக்கும். அழுதால் பரவாயில்லை. கையை மட்டும் அசைக்காமல் வைத்திரு. எந்தக் கையில் போடலாம், நீயே சொல்." எப்போது முடியும் என்று தெரியாவிட்டால் அதைப் பற்றி வாக்குக் கொடுக்கக் கூடாது. படுக்கவைத்து அமுக்குவதற்குப் பதிலாக அம்மாவின் மடியில், மார்போடு அணைத்தபடி உட்கார வைக்கலாம். சோப்பு நீர்க் குமிழியை மெதுவாக ஊதச் சொல்லலாம். மூச்சும் நீளும், கண்ணும் ஊசியை விட்டு விலகும். இத்தனைக்கும் முன்னால் நர்ஸிடம் அனுமதி கேட்க வேண்டும். வேலை மும்முரத்தில் இருப்பவரிடம் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லத் தெரிவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். எந்தப் பாடநூலிலும் அதற்கு ஓர் அத்தியாயம் கிடையாது.

இன்று பெற்றோர் வார்டில் தங்குவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெற்றோரைப் பார்வை நேரத்தில் மட்டுமே உள்ளே விட்டார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் எட்டு நாள்களைப் படம்பிடித்து 1952இல் வெளியிட்டார். அழுகையை நிறுத்திவிட்ட குழந்தை தேறிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. அந்த மௌனம் துயரம் என்பதை அவர் காட்டினார். பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும் என்று 1959இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு பரிந்துரைத்ததற்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம். உட்கார்ந்து கவனித்த ஒருவரால் வந்த மாற்றம் இது. அதனால்தான் என் மாணவர்களிடம், முதல் வாரம் எந்தத் தேர்வும் வேண்டாம், ஒரு கட்டிலருகே அரை மணி நேரம் இருந்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்கிறேன். 'சமர்த்துப் பிள்ளை' என்று வார்டே பாராட்டும் குழந்தையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

குழந்தையிடம் கேட்க ஒரு கேள்வியும் கற்றுத்தருகிறேன்: "உனக்கு ஏன் உடம்பு சரியில்லை என்று நினைக்கிறாய்?" சிறு குழந்தைகள் பலர், தாம் செய்த குறும்புக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்று நம்புகிறார்கள். "சொன்னால் கேட்டாயா?" என்ற நம் வீட்டு வசவு அந்த நம்பிக்கைக்கு உரம் போடுகிறது. பதிலைக் கேட்ட பிறகே விளக்கம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் மாணவியே சொல்லிவிடவும் கூடாது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். பெற்றோர் நோயின் பெயரை மறைத்திருப்பார்கள்; பிள்ளையோ பக்கத்துக் கட்டில்காரனிடம் தெரிந்துகொண்டிருப்பான். அவன் கேட்டால் பொய் சொல்லாமல், "உன் கேள்வியை டாக்டரிடமும் அம்மா அப்பாவிடமும் சொல்லி, எல்லோரும் சேர்ந்து பேசுவோம்" என்று சொல்லி, அதன்படி நடக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தலைப் பற்றிக் குழந்தை வாய் திறந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம்.

இந்தப் பாரத்தை இருபத்திரண்டு வயதுப் பெண் தனியாகச் சுமக்க முடியாது. வாரம் ஒரு மணி நேரமாவது மூத்தவர் ஒருவர் அவளோடு உட்கார வேண்டும். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் பொறுப்பில் இல்லாத மருத்துவமனை பயிற்சி மாணவர்களை ஏற்பது தவறு என்பேன். பெற்றோரே, உங்கள் பிள்ளையிடம் பேச வரும் மாணவரிடம், "உங்களுக்கு மேலே யார்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பயிற்சி முடியும் நாளை மாணவி முதல் சந்திப்பிலேயே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில், அடுத்து வருபவரை அதே கட்டிலுக்கு அழைத்துவந்து பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுத்தான் அவள் கிளம்ப வேண்டும்.

நன்றி, வணக்கம்.