மணலில் ஏணி வைக்கும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நம்ம வீட்டு வாசலில் நின்று பேசுகிறேன், காற்று இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற, டேங்க் கழுவ என்று எல்லா வீட்டிலும் ஏணி வெளியே வந்துவிடும். அதனால் இன்றைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஏணி சேர்ந்த, இழுத்து நீட்டுகிற அலுமினிய ஏணியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் இந்த லாக்கைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். மேல் ஏணியை நழுவாமல் பிடித்திருக்கும் கொக்கி இது. ஏணி அலுமினியம்தான், ஆனால் கொக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் பெரும்பாலும் இரும்பு. உப்புக்காற்றுக்கு முதலில் துருப்பிடிப்பது அதுதான். விரலால் தள்ளிவிட்டால் டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். பாதியில் நின்றால் தயவுசெய்து அந்த ஏணியில் ஏறாதீர்கள். படியும் சட்டமும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அங்கே அலுமினியம் அரிக்கிறது என்று அர்த்தம். படியை ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் ஏணியை ஒதுக்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து வையுங்கள். குடிக்கவே குடத்தோடு காத்திருக்கிறோம் என்பீர்கள், தெரியும். அரை வாளியும் ஒரு துணியும் போதும்.

அப்புறம் மணல். நம்ம பக்கம் ஏணி சாய்வதற்கு எனக்குத் தெரிந்து பெரிய காரணம் இதுதான். வைக்கும்போது நேராகத்தான் நிற்கும். ஆள் பாதி ஏறியதும் ஒரு கால் மட்டும் புதையும். கீழே ஒரு அங்குலம் இறங்கினாலும் மேலே அது பல அங்குலச் சாய்வு. அதனால் பொலபொலவென்று இருக்கும் மணலை வழித்துவிட்டு, கெட்டித் தரையில் இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே அகலப் பலகை போடுங்கள். கால் பின்னால் வழுக்காமல் இருக்கப் பலகையின் வெளி ஓரத்தில் ஒரு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், அடித்துவிடுங்கள். செங்கல், ஓட்டுத்துண்டு முட்டுக் கொடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சாய்வு 4-க்கு 1. ஏணி சுவரில் சாய்ந்து நிற்கும் இடம் 12 அடி உயரம் என்றால் அடிக்கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். கூரையில் இறங்குவதாக இருந்தால் விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டியிருக்கட்டும், கைபிடிக்க அதுதான் துணை. இரண்டு ஏணியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறைந்தது 3 அடி படிந்திருக்க வேண்டும். அதனால் 10 அடி, 10 அடி சேர்ந்தால் கையில் கிடைப்பது 17 அடிதான், 20 இல்லை. வாங்கும்போதே இதைக் கணக்குப் பண்ணுங்கள்.

மேல் முனையைக் கட்ட நம்ம வீடுகளில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயிலில் கிடந்து நரைத்துப்போன நைலான் கயிறு வேண்டாம், முறுக்கினால் தூள் உதிரும். கட்டி முடிக்கும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், மேலே போனபின் வாளியில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

கரண்ட் கம்பி இருந்தால் 10 அடியாவது தள்ளியே நில்லுங்கள். அலுமினியத்தில் மின்சாரம் பாயும். நீட்டிய ஏணியைத் தூக்கி நிறுத்தும்போது காற்று ஒரு தள்ளு தள்ளினால் அது கம்பிப் பக்கம் சாய்ந்துவிடும். கச்சான், அதாவது மேற்குப் பக்கத்துக் காற்று, பலமாக அடிக்கிற நாளில் வேலையையே தள்ளிப்போடுங்கள்.

சரி, சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. ஏணியில் பத்திரமாக ஏறினாலும் ஷீட்மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடைந்து உள்ளே விழுந்துவிடுவோம். பலகை போட்டு எப்படி நகர்வது என்று அடுத்த வீடியோவில் செய்தே காட்டுகிறேன்.