விதைக்குக் கடைக்குப் போகாத வீடு

அன்பான நேயர்களே, வணக்கம்.

பொருளாதார நெருக்கடியும் வீட்டுத் தற்சார்பும் என்று எனக்கு ஒரு பெரிய தலைப்பைத் தந்திருக்கிறார்கள். தற்சார்பு என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலர் பாட்டுப் போகிற நிலையத்துக்குத் திருப்பியிருப்பீர்கள். திருப்பாமல் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அந்த வளவிலேயே விளைவிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நானே சொல்கிறேன், முடியாது. இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் நாலு தென்னையும் போக மிஞ்சுகிற இடத்தில் அரிசி விளையாது. சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வராது. வருவது இலையும் காயும் கொஞ்சம் கிழங்கும். ஆனால், சந்தைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் காசை உருவுவது அந்த இலையும் காயும்தானே? அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். அதிலும் விதையைப் பற்றி. என்னைத் தெரிந்தவர்கள் இப்போது, "மனிசன் தொடங்கிவிட்டுது" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இலங்கையில் நாம் பட்ட 2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபா ஆனது, அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கணக்கில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முதல் வருடம் 100 ரூபாவுக்கு வாங்கின சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா கொடுத்தோம் என்று அர்த்தம்.

அந்த ஜூன் மாதம், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து, வீட்டில் போய்ப் பயிர் செய்யுங்கள் என்றார்கள். சரி, நல்ல யோசனைதான். மண்வெட்டி எடுத்தார்கள், பாத்தி கட்டினார்கள், பழைய உரப்பையில் மண் நிரப்பினார்கள். பிறகு விதை தேடினார்கள். அங்கேதான் சிக்கல். கடையில் தொங்குகிற கலப்பின மரக்கறி விதைப் பைக்கற்றுகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. டொலர் இல்லாமல் மருந்துக்கே திண்டாடிய நாட்டில் கத்தரி விதை மட்டும் மலிவாகக் கிடைக்குமா? எங்கள் ஊர்க் கடையொன்றில் வெறும் கொக்கிதான் தொங்கியது. நிலம் இருந்தது, நேரம் இருந்தது, கிணற்றில் தண்ணீரும் இருந்தது. விதை இல்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தட்டுப்பாடு புதிதில்லையே. 1970களில் வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வருவதை அரசாங்கம் நிறுத்தியபோது, எங்கள் செம்மண் தோட்டக்காரர்கள் அதை விளைவித்தே வீடு கட்டினார்கள். 1990இல் போரோடு பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரமும் போனது. அந்தக் காலத்தை இளம் நேயர்களுக்குச் சொல்வது கஷ்டம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி ஒன்றைக் கொளுத்தி அதில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்று டொக்டர்களாக இருக்கிறார்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இதோ இந்த வானொலி! பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார்.

ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் யாரும் விதைக்குக் கடை தேடவில்லை. எங்கள் ஆச்சியிடம் போனார்கள்.

ஆச்சியைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவவின் அடுக்களையில், அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில், முற்றிக் காய்ந்த புடலங்காயும் பீர்க்கங்காயும் கயிற்றில் தொங்கும். சாம்பலில் பிரட்டிய கத்தரி விதை போத்தலில் இருக்கும். பயற்றை விதை கோதோடு இருக்கும். தோட்டத்தில் எந்தச் செடி திடமாக நிற்கிறதோ, அதில் முதலில் பிடிக்கிற நல்ல காய்களில் ஒன்றுக்குச் சிவப்புத் துணி கட்டிவிடுவா. அந்தக் காயில் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

ஒருநாள், போர்க்காலத்தில் குடாநாட்டுக்கு வரும் வழியாக இருந்த கிளாலிக் கடலைத் தாண்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தார். சந்தையில் ஒன்றும் இல்லை. சித்தி என்ன செய்தா? துணி கட்டியிருந்த புடலங்காயை அறுத்துக் கறி வைத்துவிட்டா. வந்தவர் மரியாதைக்காரர், ஒன்றும் சொல்லாமல் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். ஆச்சி வந்து வெறும் கொடியைப் பார்த்தா. விருந்தாளிக்கு முன்னால் பேச முடியுமா? "தம்பி, அது உங்களுக்கில்லை, அடுத்த வருசத்துக்கு வைச்சது" என்று மட்டும் சொன்னா. அந்த மனிசனுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கியிருக்குமா தெரியாது.

கதை இதோடு முடியவில்லை. அடுத்த மாரிக்கு எங்கள் வீட்டில் புடலை விதை இல்லை. ஆச்சி கோயிலடி வீட்டுக்குப் போய் ஒரு பிடி வாங்கிவந்தா. அவர்களுக்கு அந்த விதை எங்கிருந்து வந்தது? ஆச்சி கொடுத்ததுதான். நான் குண்டசாலையில் விவசாயம் படித்து வந்தவன், விதைச் சேமிப்பைப் பற்றிப் பரீட்சையே எழுதினவன். பக்கத்து வீட்டிலும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று எந்தக் குறிப்பிலும் நான் படிக்கவில்லை. வண்டு குத்தினாலும், வெள்ளம் வந்தாலும், சித்தி கறி வைத்தாலும் ஊரில் ஓரிடத்தில் அந்த விதை மிஞ்சியிருக்கும். திரும்பவும் சொல்கிறேன், விதையைப் பூட்டி வைக்காதீர்கள், நாலு வீட்டுக்குக் கொடுங்கள்.

சரி, எப்படி எடுப்பது? நம் வீடுகளில் நடக்கிற பெரிய பிழை, நல்ல காயெல்லாம் சாப்பிட்டு முடித்து, கடைசியில் கொடி வாடும்போது பிடிக்கிற சுருண்ட காயை விதைக்கு விடுவது. வேண்டாம். வலுவான செடியில் முதலாவது, இரண்டாவது பிடிப்பிலேயே ஒதுக்கிவிடுங்கள். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுத்த பிறகு பிடுங்கித் தண்ணீரில் பிசையுங்கள். அடியில் தங்குகிறது நல்ல விதை, மிதக்கிறதை ஊற்றிவிடுங்கள். தக்காளி விதையைச் சுற்றிச் சவ்வு இருக்கும். சாறோடு ஒரு கோப்பையில் இரண்டு நாள் விட்டால் புளித்துக் கழன்றுவிடும், பிறகு கழுவுங்கள். எல்லாவற்றையும் நிழலில் காயவிடுங்கள். உச்சி வெயிலில் சூடான சீமெந்துத் தரையில் பரப்பினால் முளை செத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, ஈரமில்லாத போத்தலில் கொஞ்சம் சாம்பலோடு போட்டு, மாதமும் வருடமும் எழுதி ஒட்டுங்கள். விதைக்க முன்னர் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் தைரியமாகப் போடலாம். இரண்டுதான் முளைத்ததென்றால் கோயிலடி வீட்டுக்குப் போங்கள்.

இது நாட்டு இன விதைக்குத்தான் பொருந்தும். கலப்பினக் கத்தரியில் விதை எடுத்துப் போட்டால் முளைக்கும், காய்க்கும், ஆனால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரிக் காய்க்கும். பூசணி, புடலை இனங்களில் அடுத்த வளவுப் பூவின் மகரந்தம் வந்து கலக்கும். அதைத் தடுக்கப் பூவைக் கட்டிவைக்கிற முறை ஒன்று இருக்கிறது. கையில் பூ இல்லாமல் அதை விளங்கப்படுத்த என்னால் முடியாது. உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அவருக்குச் சம்பளம் கொடுப்பது அதற்கும்தான்.

விதையே வேண்டாத பயிர்களும் இருக்கின்றன. முருங்கைத் தடியை வெட்டி வேலியில் கதியாலாகவே நடலாம். வேலி பழுதாவதில்லை, இலை, பூ, காய் மூன்றும் கிடைக்கும். மரவள்ளிக்கு ஒரு சாண் தடி போதும். பொன்னாங்காணியும் வல்லாரையும் கிணற்றடி ஈரத்திலேயே படரும். பசளைக்குப் பயப்படாதீர்கள். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்து நாட்டு விவசாயத்தைப் படுக்க வைத்தார்கள், அது வேறு கதை, அந்த ஆண்டு முடியுமுன் தடையையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுப் பாத்திக்கு மாட்டெருவும் பூவரசம் குழையும் போதும். பூவரசங் குழையை வெட்டி மண்ணில் தாட்டுவது எங்கள் தோட்டங்களில் எவ்வளவோ காலமாக நடக்கிற வேலை. மறந்துபோனோம்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா, ஒரு நிமிடமா? ஒன்றுதானாம். தண்ணீர், விறகு, வற்றல், வடகம் எல்லாம் தாளில் அப்படியே இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடுப்புத் தோய்த்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள், கீரைக்கு வேண்டாம். சிரட்டை, தேங்காய்ப் பொச்சு, கிழங்கு எடுத்த பனங்கொட்டையான ஊமல் மூன்றையும் எறிந்துவிடாதீர்கள். எரிவாயு இன்னொரு முறை தட்டுப்பட்டால் அடுப்பு அதில் எரியும். பனங்கொட்டையைக் குப்பையில் போடாமல், மழைக்கு முன்னர் ஒரு மூலையில் மண்ணை உயர்த்திப் பாத்தி போட்டு அடுக்கினால் தைப்பொங்கல் அளவில் கிழங்கு கிண்டலாம். மிஞ்சுகிற கிழங்கைக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், மாவாக்கிக் கூழ் காய்ச்சலாம். ஆனால் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கயர்ப்புத் தண்ணீரை வடித்த பிறகே சமையுங்கள்.

வேப்பம்பூ வடகத்துக்கு நேரம் இல்லை. இன்னொரு நாள் கூப்பிட்டால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னர் கத்தரி, மிளகாய் நாற்றுமேடையைப் போட்டுவிடுங்கள். வணக்கம்.