எஸ்தர் உள்முற்றத்தில் நின்ற நாள்

(பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான சகோதரிகளே,

பெண்கள் கூட்டம் என்றால் வேதாகமத்தின் எஸ்தர் புத்தகம் வந்துவிடும். பெர்சிய ராஜாவுக்கு ராணியான யூதப் பெண்தான் எஸ்தர். அதிலும் 4ஆம் அதிகாரம் 16ஆம் வசனம், "நான் செத்தாலும் சாகிறேன்." அந்த ஒரு வரியைச் சத்தமாகச் சொல்லி, ஆமென் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும் அவள் என்னென்ன செய்தாள் என்று இன்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், எஸ்தர் பயந்தாள். இதை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். அவளை வளர்த்த உறவினர் மொர்தெகாய், துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணியான இரட்டு உடுத்திக்கொண்டு அரமனை வாசலுக்கு முன்னால் அழுகிறார் என்று கேள்விப்பட்டதும் அவள் என்ன செய்தாள்? அவர் உடுத்திக்கொள்ள நல்ல வஸ்திரம் அனுப்பினாள். அவர் வாங்கவில்லை. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. அழுகிற ஒருத்திக்குப் புதுச் சேலை வாங்கிக் கொடுக்கிறோம், ஏன் அழுகிறாய் என்று கேட்பதில்லை.

எஸ்தர் அதோடு நிற்கவில்லை. ஆத்தாகு என்ற பிரதானியை அனுப்பி, காரியம் என்ன, காரணம் என்ன என்று விசாரிக்கச் சொன்னாள். அவன் திரும்பி வரும்போது இரண்டு தகவல்கள் வந்தன. யூதரை அழிக்க ராஜாவின் மந்திரி ஆமான் கஜானாவுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பணம் எவ்வளவு என்பது ஒன்று. பத்தாயிரம் தாலந்து வெள்ளி என்று 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்னொன்று, யூதரை அழிக்கச் சொல்லும் கட்டளையின் நகல். கையில் தொகை, கையில் எழுத்து. ஜெபக் குறிப்பு சொல்லும்போது "வீட்டில் ஒரு பிரச்சினை, ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்கிறோம். கடன் என்றால் யாரிடம், எவ்வளவு, என்ன வட்டிக்கு, எந்தத் தேதிக்குள்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதாத பயம் ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

அதற்குப் பிறகும் அவள் தயங்கினாள். ராஜா அழைக்காமல் உள்முற்றத்துக்குப் போனால், அவன் பொற்செங்கோலை நீட்டினாலொழிய சாவு, தன்னையோ முப்பது நாளாக ராஜா அழைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினாள். மொர்தெகாய் அவளைத் திட்டவுமில்லை, தட்டிக்கொடுக்கவுமில்லை. நீ மவுனமாயிருந்தால் யூதருக்குச் சகாயம் வேறொரு இடத்திலிருந்து எழும்பும் என்றார். இப்படிப்பட்ட காலத்துக்காகவே உனக்கு ராஜமேன்மை கிடைத்திருக்கலாமே, யாருக்குத் தெரியும் என்றும் கேட்டார். "யாருக்குத் தெரியும்" என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். தரிசனமில்லை, வானத்திலிருந்து சத்தமில்லை. இந்தப் புத்தகம் முழுவதிலும் கர்த்தருடைய நாமம் ஒரு தடவைகூட வராது. என் வாழ்க்கையில் தேவ சித்தம் என்ன என்று தெரியாமல் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் காட்டலாம்.

இதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 1890ஆம் ஆண்டு திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டார்கள். அவர்கள் கேட்டது அங்கிருந்த மிஷனெரி டாக்டரின் மகளான ஐடா ஸ்கடரிடம். ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனாரை அனுமதிக்க அந்த வீடுகளில் சம்மதமில்லை. விடியும்போது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். மிஷனெரி வேலையே வேண்டாம் என்றிருந்தவர் ஐடா. ஆனால் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே படுக்கையோடு மருத்துவ வேலையைத் தொடங்கினார். அந்த இரவுக்கும் பட்டத்துக்கும் நடுவில் ஒன்பது வருஷம். சாட்சி சொல்லும்போது இரவைச் சொல்கிறோம், ஒன்பது வருஷத்தை விட்டுவிடுகிறோம்.

சரி, உபவாசத்துக்கு வருவோம். எஸ்தர் தனியாக உபவாசிக்கவில்லை. தலைநகரமான சூசானிலிருக்கிற யூதரைக் கூட்டச் சொன்னாள், தாதிமாரையும் சேர்த்துக்கொண்டாள். முக்கியமாக, நாள் குறித்தாள். மூன்று நாள். "மூன்றாம் நாளிலே" ராஜவஸ்திரம் உடுத்தி உள்முற்றத்தில் போய் நின்றாள். நம்மில் பலருடைய உபவாசத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. அடுத்து எந்த வாசலுக்குப் போகப்போகிறோம் என்றும் தீர்மானம் இல்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், வேதத்தில் இருக்கிறதே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்காதீர்கள். மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். அதைப் பக்கத்தில் இருப்பவர்கள் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்துவிடுவதும் உண்டு. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ராஜா பொற்செங்கோலை நீட்டினான், என்ன வேண்டும் என்று கேட்டான். அவள் உடனே கொட்டிவிடவில்லை. விருந்துக்கு வாருங்கள் என்றாள். அந்த விருந்திலும் நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். இரண்டாம் விருந்தில்தான் வாயைத் திறந்தாள். என் ஜீவனும் என் ஜனங்களும் வேண்டும், நாங்கள் கொல்லப்பட விற்கப்பட்டோம் என்றாள். யார் அவன் என்று ராஜா கேட்ட பிறகுதான் ஆமான் பெயர் வந்தது. சொல்லவேண்டியது இரண்டு வாக்கியம், அதற்கு இரண்டு நாள் இடம் பார்த்திருக்கிறாள். கணவர் வேலைவிட்டுப் பசியோடு செருப்பைக் கழற்றும்போதே மகளின் காலேஜ் ஃபீஸைப் பேசி, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொள்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

ஆனால் வீட்டில் அடி உதை என்றால் விருந்து வைத்து நேரம் பார்க்கவேண்டாம். பொறுத்துக்கொள், ஜெபி என்று மட்டும் சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது தவறான ஆலோசனை. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கட்டணமில்லை, இரவும் பகலும் எடுப்பார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் போக வக்கீல் தேவையில்லை, அவளுக்காக நீங்களும் தகவல் கொடுக்கலாம். கூடப் போய் உட்காருங்கள்.

கடைசியாக 8ஆம் அதிகாரம். இதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆமான் தூக்கில் போடப்பட்டான், அவன் வீடு எஸ்தருக்குக் கிடைத்தது. கதை முடிந்ததென்று நினைக்கிறோம். ஆனால் அவன் அனுப்பிய கட்டளை 127 நாடுகளிலும் அப்படியேதான் இருந்தது. ராஜ முத்திரை போட்டதை யாரும் செல்லாததாக்க முடியாது. யூதரை அழிக்கக் குறித்த நாளான ஆதார் மாதம் 13ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எஸ்தருடைய சொந்த உயிருக்கு இப்போது ஆபத்தில்லை. அவள் மறுபடியும் போய் ராஜாவின் பாதத்தில் விழுந்து அழுதாள். ராஜா மறுபடியும் பொற்செங்கோலை நீட்டினான். அவள் எழுந்து நின்று, இன்னொரு கட்டளை எழுதவேண்டும் என்று கேட்டாள்.