எட்டாம் நம்பர் கம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

உலோகத் தொழில் சங்கங்கள் தொடக்க காலத்தில் என்ன செய்தன என்று பேச அழைத்திருக்கிறார்கள். சங்கம் என்றதும் நமக்குத் தொழிலாளர் சங்கம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது ஆலைக்காரர்களின் சங்கங்களைப் பற்றி. சந்தையில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கும் இரும்பு, பித்தளை உற்பத்தியாளர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது எதைப் பேசினார்கள், அதில் எது நிலைத்தது என்பதுதான் விஷயம்.

கையில் ஒரு கேஜ் தகடு கொண்டுவந்திருக்கிறேன். வானொலியில் காட்ட முடியாது, சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான எஃகுத் தகடு. விளிம்பைச் சுற்றிலும் சிறு சிறு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் உள்ளே ஒரு வட்டத் துளையில் போய் முடியும். பக்கத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். கம்பியின் பருமனைப் பார்ப்பதற்கான கருவி இது. புதிதாக வேலை பழகுகிறவர்கள் கம்பியைத் துளைக்குள் விட்டுப் பார்ப்பார்கள். அது தவறு. அளவு வெட்டில்தான் இருக்கிறது. எந்த வெட்டில் கம்பி தளராமலும், அழுத்தித் திணிக்காமலும் நுழைகிறதோ, அதன் எண்தான் கம்பியின் எண்.

எண் கூடக் கூடக் கம்பி மெலிந்துகொண்டே போகும். இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். கம்பி செய்யும் முறையைப் பார்த்தால் புரிந்துவிடும். தடித்த கம்பியை அதைவிடச் சிறிய துளை வழியாக இழுப்பார்கள். அப்புறம் இன்னும் சிறிய துளை, அதற்கும் சிறியது என்று போகும். ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி மெலிந்து நீளும். எத்தனையாவது இழுப்பு என்ற கணக்கிலிருந்துதான் இந்த எண்கள் பிறந்தன.

சரி, யாருடைய இழுப்புக் கணக்கு? தகராறு அங்கேதான். 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஆளுக்கொரு கேஜ் இருந்தது. பர்மிங்காம் கேஜ் என்ற ஒரே பெயரில் விற்ற தகடுகள்கூட ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எட்டாம் நம்பர் கம்பி வேண்டும் என்று எழுதிப் போட்டால், வருவது யாருடைய எட்டு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. விட்டத்தில் நூற்றுக்கு ஐந்து கூடினால் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடும். எடைக்கு விலை கொடுத்து வாங்கி, நீளத்துக்குப் பயன்படுத்துகிற பொருள் கம்பி. வேலி போடுகிறவர் பாதி வழியில் கம்பி தீர்ந்துபோய் நிற்பார். இதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. விற்றவரின் தகட்டில் அது எட்டு, வாங்கியவரின் தகட்டில் ஏழு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சண்டையை எந்த ஓர் ஆலையாலும் தனியாகத் தீர்க்க முடியாது. சங்கம் என்ற ஒன்று தேவைப்பட்டதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான காரணம் இது.

அமெரிக்காவில் பித்தளைத் தொழில் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி வட்டாரத்தில் செழித்தது. அங்கே ஆலைக்காரர்கள் 1853இல் சங்கம் அமைத்தார்கள். அவர்களை ஒன்றாக உட்காரவைத்தது விலைப் போட்டி. ஒருவர் குறைக்க, அடுத்தவர் இன்னும் குறைக்க, எல்லோருக்கும் நட்டம். ஆனால் அந்த வட்டாரம் இன்றுவரை நிற்கும் ஒரு காரியத்தைச் செய்தது விலையில் அல்ல, அளவில். பிராவிடன்ஸ் நகரத்தில் அளவுக் கருவிகள் செய்துவந்த ஜோசப் பிரவுனும் லூசியன் ஷார்ப்பும் ஒரு புதிய கேஜை முன்வைத்தார்கள். 1857இல் முக்கியமான பித்தளை உற்பத்தியாளர்கள் அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டார்கள்.

அந்தக் கேஜின் அழகைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கேஜ்களில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஓரிடத்தில் பெரிது, ஓரிடத்தில் சிறிது. புதியதில் தடித்த முனை 0.46 அங்குலம், மெல்லிய முனை 0.005 அங்குலம். இரண்டுக்கும் நடுவே 39 படிகள், ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் குறையும். ஆறு எண் தாண்டினால் விட்டம் ஏறக்குறையப் பாதி. மூன்று எண் தாண்டினால் குறுக்குப் பரப்பு பாதி, அதாவது ஒரே நீளத்துக்கு எடையும் பாதி. பட்டறையில் நிற்பவர் அட்டவணையைப் புரட்டாமல் மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். இன்றும் அமெரிக்காவில் மின்கம்பிகளுக்கு இந்த எண்கள்தான் வழக்கத்தில் இருக்கின்றன.

இங்கிலாந்துக்கு இன்னும் காலம் பிடித்தது. கம்பி உற்பத்தியாளர்களும் வணிகச் சபைகளும் அரசோடு நெடுநாள் வாதாடிய பிறகு, 1884 மார்ச் 1 முதல் ஸ்டாண்டர்ட் வயர் கேஜ் சட்டப்படியான அளவானது. அன்றுமுதல் எட்டாம் நம்பர் என்றால் 0.160 அங்குலம். எந்த ஊரிலும் அதே எட்டு.

சங்கங்கள் செய்த இன்னொரு வேலை, எண்ணுவது. 1855இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இரும்பு உற்பத்தியாளர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அன்று நாட்டில் இரும்பை உருக்கும் ஊதுலைகள் எத்தனை எரிகின்றன, எத்தனை அணைந்து கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. நிலவியல் அறிஞரான பீட்டர் லெஸ்லி அதன் செயலாளரானார். ஆட்களை நேரில் அனுப்பி உலைகளையும் பட்டறைகளையும், இரும்பை உருளைகளுக்கு நடுவே அழுத்தி வடிவமாக்கும் உருட்டாலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதவைத்தார். 1859இல் அந்தப் பட்டியல் அச்சில் வந்தது. கைவிடப்பட்ட உலைகளையும் அவர் விட்டுவிடவில்லை. அணைந்த உலை ஒவ்வொன்றும் ஒருவர் முதல் போட்டு இழந்த இடம். புதிதாக முதல் போடுகிறவர் அறிய வேண்டிய செய்தி அதைவிட வேறென்ன இருக்கிறது?

எண்ணியதால்தான் பெரிய மாற்றங்களும் கண்ணுக்குத் தெரிந்தன. 1855இல் ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரியில் உருக்கிய இரும்பு, மரக்கரியில் உருக்கியதை முதன்முறையாக முந்தியது. ஓர் உலை முதலாளி தன் உலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. காட்டை வெட்டிக் கரி போடும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதைக் கூட்டல் கணக்குதான் சொன்னது.

இந்தச் சங்கங்கள் செய்ததெல்லாம் இப்படியே இருந்ததா என்றால், இல்லை. பிலடெல்பியா சங்கம் இறக்குமதி வரியை உயர்த்தச் சொல்லி நெடுங்காலம் போராடியது. விலையைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும் முயற்சிகளும் அடிக்கடி நடந்தன. 1907 நவம்பரில், நிதி நெருக்கடி நேரத்தில், யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரி போட்டி நிறுவனத்தாரை விருந்துக்கு அழைத்து, விலையைச் சரியவிட வேண்டாம் என்று பேசினார். விருந்துகள் தொடர்ந்தன. 1911இல் அரசு வழக்குப் போட்டது. எனக்கு இதில் தயக்கமே இல்லை. வாங்குகிறவர் இல்லாத அறையில் விலை பேசுவது தவறு. அளவை எல்லோரும் அறிய ஒப்புக்கொள்வதும், விலையை யாரும் அறியாமல் ஒப்புக்கொள்வதும் ஒரே மேசையில் நடந்திருக்கலாம். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

கடைசியாக ஒரு கடிதம். 1895இல் லண்டனைச் சேர்ந்த இரும்பு வணிகர் ஹென்றி ஸ்கெல்டன் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதினார். கட்டடத்துக்கான உத்தரங்களை ஒவ்வொருவரும் தன் விருப்பத்துக்கு ஓர் அளவில் கேட்கிறார்கள், அதனால் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் உத்தரங்கள் இறக்குமதியாகின்றன என்பது அவர் குறை. உருட்டாலையைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி உருளைகள், அவற்றில் தனித்தனியே கடைந்த பள்ளங்கள். அளவு மாறினால் ஆலையை நிறுத்தி, டன் கணக்கில் எடையுள்ள உருளைகளைக் கழற்றி, வேறு உருளைகளை மாட்டி, சரிபார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டலாம். சில டன் ஆர்டருக்காக இவ்வளவும் செய்தால் விலை எப்படிக் குறையும்?

1901இல் பிரிட்டனின் பொறியாளர் அமைப்புகள் இந்த அளவுகளை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை அமைத்தன. இரும்பு, எஃகுத் தொழிலினரின் கழகமும் அதில் சேர்ந்துகொண்டது. கட்டட எஃகு வடிவங்கள் 175இலிருந்து 113ஆகக் குறைந்தன. டிராம் தண்டவாளங்களில் 75 வகை இருந்தது, ஐந்தே வகையானது. தரத்துக்கு அடையாளமாக 1903இல், காற்றில் பறக்கவிடும் பட்டம் போன்ற வடிவில் ஒரு முத்திரை வந்தது. அதை முதன்முதலில் தாங்கியவையும் அந்தத் தண்டவாளங்கள்தான்.

வணக்கம்.