429 கோடிக்குள்ள ஒளிச்சிருந்த 641

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும், விசேஷமா ஏஎல் மெட்ஸ் செய்யிற பிள்ளையளுக்கும். ரேடியோவில கணக்கு கதைக்கிறது கரைச்சல்தான், போர்டும் இல்ல சோக்கும் இல்ல, அதால பேனையும் கடதாசியும் எடுங்க, மெல்லமாத்தான் சொல்லுவன். இண்டைக்கு ஒரே ஒரு எண்: 4294967297. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

2ஐ 32 தரம் எழுதிப் பெருக்கி, அதாவது 2இன் 32ஆம் வலுவ எடுத்து, ஒண்டக் கூட்டுங்க, இதுதான் வரும். பிரான்சில ஃபெர்மா எண்டு ஒருத்தர், தொழில் சட்டம், கணக்கு பொழுதுபோக்கு. 2இன் வலுவா 1, 2, 4, 8, 16 எண்டு போட்டு ஒவ்வொண்டுக்கும் ஒண்டு கூட்டினார். 3, 5, 17, 257, 65537. எல்லாம் முதன்மை எண், அதாவது ஒண்டாலயும் தன்னாலயும் மட்டும் மீதியில்லாமப் பிரியிறது. அப்ப அடுத்ததும் அப்பிடித்தான், அதுக்கு மறுகா வாறதும் அப்பிடித்தான் எண்டு நம்பிட்டார். அடுத்ததுதான் நம்மட எண்.

1732-ல ஒயிலர் எண்ட கணித மேதை வந்து, இல்ல, இது 641ஆல மீதியில்லாமப் பிரியும் எண்டு காட்டினார். 641 தர 6700417. எப்பிடிப் பிடிச்சிருப்பார்? இந்த எண்ணுக்கு முதன்மைக் காரணி இருந்தா அது 64இன் மடங்கோட ஒண்டு கூட்டினதாத்தான் இருக்கோணும், ஒயிலரே நிறுவின விதி. அப்பிடியான முதன்மை எண்களை வரிசையா எழுதுங்க, 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுல ஆள் அகப்பட்டுட்டார்! வாவி முழுக்க வலை போடாம மீன் நிக்கிற இடத்தில மட்டும் வீசுற மாதிரி.

பெருக்கிப் பாக்காமலும் காட்டலாம், எனக்கு இதுதான் நல்ல விருப்பம். 641 எண்டது 5 தர 128, கூட்டல் 1. அதே 641, 5இன் நாலாம் வலு 625, கூட்டல் 16. இனி எல்லாத்தையும் 641ஆல பிரிச்சு மீதியப் பாப்பம். முதலாவதுப்படி 5 தர 128 எண்டது 641க்கு ஒண்டு குறைவு, அதால மீதி சய 1, அதாவது மைனஸ் 1. நாலாம் வலுவுக்கு ஏத்துங்க, சய போயிரும், 625 தர 2இன் 28ஆம் வலுவுக்கு மீதி 1. ரெண்டாவதுப்படி 625க்குப் பதிலா சய 16 போடலாம், 16 எண்டா 2இன் நாலாம் வலு, 28ஓட 4 சேர 32. அப்ப 2இன் 32ஆம் வலுவுக்கு மீதி சய 1. ஒண்டு கூட்டினா பூச்சியம். முடிஞ்சுது, கல்குலேட்டரே தேவையில்ல.

சும்மா 2, 3, 5 எண்டு ஒவ்வொரு முதன்மை எண்ணாலயும் பிரிச்சிருந்தாக்கூட 641 நூற்றிப் பதினாறாவதா வந்திருக்கும், அவ்வளவு பெரிய கெட்டிக்காரர் ஃபெர்மா ஏன் அதச் செய்யல்ல எண்டு எனக்கு இண்டைக்கும் புதினம்தான்.

65537க்குப் பிறகு இந்த வரிசையில ஒரு முதன்மை எண்ணும் ஆருக்கும் கிடைக்கல்ல. 2இன் 20ஆம் வலுவ எடுத்து, அத்தினையாம் வலுவுக்கு 2ஐ ஏத்தி, ஒண்டு கூட்டினா 315653 இலக்கம் உள்ள எண் வரும். அது முதன்மை எண் இல்ல எண்டு நிச்சயமாத் தெரியும், ஆனா அதப் பிரிக்கிற ஒரு காரணியக்கூட இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல.