சொல்லாமல் விட்ட ஊர்ப்பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

கெட்டிக்காரப் பயலைப் பார்த்து “சரியான எம்டன்” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு பொழிந்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. பிடிபட்ட அதன் மாலுமிகள் சிலர் சிங்கப்பூரில் டாங்லின் முகாமில் அடைபட்டிருந்தார்கள். அதே ஊரில் அப்போது நிறுத்தப்பட்டிருந்த இந்தியப் பட்டாளத்தின் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்: ஐந்தாவது லைட் இன்ஃபன்ட்ரி.

1803இல் திரட்டப்பட்ட பட்டாளம். 1915இல் அதன் சிப்பாய்கள் எல்லோரும் முஸ்லிம்கள். இன்றைய ஹரியானாப் பக்கத்து ரங்கர்களும் (ராஜபுத்திர வழிவந்த முஸ்லிம்கள்) பட்டாணியரும் அதில் இருந்தார்கள். துருக்கி சுல்தானைக் கலீபாவாக, அதாவது முஸ்லிம்களின் தலைவராக மதித்தவர்கள் அவர்கள். அந்தத் துருக்கியோடுதான் பிரிட்டன் போரில் இறங்கியிருந்தது.

பிப்ரவரி 15 காலை, வழியனுப்பும் அணிவகுப்பு. மறுநாள் ‘நைல்’ கப்பலில் ஹாங்காங்குக்குப் புறப்பட வேண்டும். தளபதி வந்தார், அணிவகுப்பைப் பாராட்டினார், நாளைய பயணத்தையும் குறிப்பிட்டார். எந்த ஊருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. துருக்கியரைச் சுடத்தான் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சு சிப்பாய்களிடையே ஏற்கெனவே பரவியிருந்தது. அதிகாரிகளுக்குள் இருந்த பூசல் முதலாக வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஹாங்காங் என்ற அந்த ஒரு சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று என் மனம் அடித்துக்கொள்கிறது.

பிற்பகல், தோட்டாக்களை லாரியில் ஏற்றும் வேளையில் முதல் குண்டு வெடித்தது. பட்டாளத்தின் எட்டுக் கம்பெனிகளில், அதாவது படைப்பிரிவுகளில், நான்கு கிளர்ந்தெழுந்தன. டாங்லின் முகாம் திறந்துவிடப்பட்டது. பெரும்பாலான ஜெர்மானியர் வெளியே வர மறுத்துவிட்டார்கள். ஆயுதம் ஏந்தாத பொதுமக்களும் அன்று சுடப்பட்டு இறந்தார்கள். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை.

பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்களின் வீரர்களும் வந்து இறங்கிக் கலகத்தை அடக்கினார்கள். 47 பேருக்கு மரண தண்டனை. அவுட்ரம் சிறைச்சாலையின் வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தி, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கச் சுட்டார்கள். அதோடு, சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியர் அத்தனை பேரும் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவும் வந்தது. கலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தமிழர்களுக்கும் அதிலிருந்து விலக்கில்லை.

எஞ்சிய 588 பேர் 1915 ஜூலையில் கப்பல் ஏறினார்கள். துருக்கிக்கு அல்ல, ஜெர்மானியரோடு போரிட ஆப்பிரிக்காவின் கேமரூனுக்கு. பிறகு கிழக்கு ஆப்பிரிக்கா, ஏடன். 1922இல் பட்டாளமே கலைக்கப்பட்டது.